பாப்பரசர் பிரான்சிஸ் இறந்த கிழமை, எங்கள் பங்குகளில்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

குருநகரிலிருந்து:

புதிய பாப்பரசர் பதினான்காம் லியோ வந்துவிட்டார். இப்போது எல்லோரும் அவரைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். சந்தோசம். ஆனால் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்த கிழமை யாழ்ப்பாணத்துக் கோவில்களில் என்ன நடந்தது என்பதை மறந்துபோக முதல் எழுதி வைக்க வேண்டும். உரோமையில் நடந்ததை உலகமே படம் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் சனம் துக்கம் கொண்டாடியதற்கு நாங்கள்தான் சாட்சி. நான் தொடங்குகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

2025 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த திங்கள். இலங்கையில் அந்தத் திகதிக்கு ஏற்கெனவே ஒரு பாரம் உண்டு. 2019 இல் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த நாள். காலையில் அன்று செத்தவர்களுக்காக மெழுகுதிரி கொளுத்திச் செபித்துவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டில் இருந்தோம். அப்போதுதான் போனில் செய்தி வந்தது. உரோமையில் காலை 7.35க்கு உயிர் பிரிந்திருக்கிறது, எங்களுக்கு அது 11.05. அறிவித்தல் வரும்போது இங்கே ஒன்றேகால். முதல்நாள்தான் பேதுரு சதுக்கத்தில் வாகனத்தில் சனத்துக்குள்ளே சுற்றி வந்தவரைப் பார்த்திருந்தோம். பொய்ச்செய்தியாக்கும் என்று பலர் விட்டுவிட்டார்கள்.

கோவில் மணி கேட்ட பிறகுதான் நம்பினார்கள். பங்கில் ஒருவர் செத்தால் அடிப்பது போலவே விட்டுவிட்டு அடித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்து, "ஆர் பிள்ளை மோசம் போனது?" என்று கேட்டா. சொன்னேன். முந்தானையால் தலையை மூடிச் சிலுவை போட்டுவிட்டு, "நேற்று ஆசீர்வாதம் தந்தவர் எல்லோ" என்றா. பிறகு அப்படியே படலைக் கட்டையில் இருந்துவிட்டா.

பின்னேரப் பூசைக்குக் கோவில் நிறைந்துவிட்டது. உயிர்ப்பைக் கொண்டாடுகிற எட்டு நாட்கள், பாஸ்கா எண்கிழமை, என்பதால் பீடத்தில் வெள்ளைத் துணிதான், பாடலில் அல்லேலூயாதான், பாஸ்கா திரியும் எரிகிறது. அதற்குப் பக்கத்தில் கறுப்பு நாடா கட்டிய அவருடைய படம். வெளியே உயிர்ப்புக்குக் கட்டிய மஞ்சள் வெள்ளைக் கொடிகளைக் கழற்றுவதா விடுவதா என்று பொடியள் பாதரிடம் கேட்டார்கள். "அது வத்திக்கான் கொடியின் நிறம்தானே, இருக்கட்டும்" என்றார்.

அதுவரை அமைதியாக இருந்த சனம் நற்கருணை மன்றாட்டில்தான் உடைந்தது. 12 வருடமாக "எங்கள் திருத்தந்தை பிரான்சிஸ்" என்று கேட்டுப் பழகிய இடம் அது. பாப்பரசர் இல்லாத காலத்தில் அந்தப் பெயர் சொல்வதில்லை. பாதர் நேரே ஆயரின் பெயருக்குப் போனார். எனக்கு முன்வாங்கில் இருந்த வயதானவர் வழக்கம்போல் வாய்க்குள் கூடச் சொல்லிக்கொண்டு வந்தவர், "பிரான்சிஸ்" என்று அவர் மட்டும் சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ விம்மியது மட்டும் கேட்டது.

சில்லாலையிலிருந்து:

எங்கள் ஊருக்குப் பாப்பரசர் பிரான்சிஸ்மேல் ஒரு தனிக்கடன் இருக்கிறது. 1687 இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, நோய்ப்பட்டு, பிறகு சில்லாலைச் சனத்தின் பாதுகாப்பில் இருந்தவர் யோசேப் வாஸ் அடிகள். அவருக்கு இரண்டாவது புதுமை வேண்டாம் என்று சொல்லி, 2015 சனவரி 14 கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக்கியவர் பிரான்சிஸ். அதனால் இங்கே செபமாலைக்கு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்தோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

புனிதராக்கிய அதே நாள் பின்னேரம் அவர் மடு மாதா கோவிலுக்கு வந்தார். நானும் போயிருந்தேன், மாமியைக் கூட்டிக்கொண்டு. மாமியின் மகன் போர் முடிந்த ஆண்டிலிருந்து இல்லை. எங்கே என்று இன்றுவரை தெரியாது. பாப்பரசர் வருகிறார் என்றதும் மகனுடைய படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்துக்கொண்டு வந்தா.

பொங்கலுக்கு முதல்நாள், நல்ல வெயில். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் ஒரு வெள்ளைப் புள்ளிதான். இந்த இடத்தில் நடந்ததையும், 2008 இல் மாதாவின் சுருவத்தை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டி வந்த நாளையும் யாரும் மறக்க முடியாது என்று பேசினார். எங்கள் துக்கத்தை ஒரு பாப்பரசர் எங்கள் மண்ணில் நின்று சொன்னது அன்றுதான். பேசி முடித்து, மடு மாதாவின் சுருவத்தைக் கையில் தூக்கி ஆசீர் தந்தார். அந்த நேரம் மாமி படத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தா. "அவருக்குத் தெரியாது மாமி, தூரம்" என்றேன். "அவருக்குத் தெரியாட்டியும் மாதாவுக்குத் தெரியும்" என்றா.

2025 ஏப்ரலில் அவர் இறந்த செய்தி கேட்டதும் மாமி வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு கோவிலுக்கு வந்து, செத்தவீட்டில் உரித்துக்காரர் இருப்பது போல முன்வாங்கில் இருந்தா. மகனுக்கு அவவால் ஒரு பூசை ஒப்புக்கொடுக்க முடியாது. ஒப்புக்கொடுத்தால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். இவருக்காக அழலாம். அழுதா. யாரும் தடுக்கவில்லை.

நவாலியிலிருந்து:

நான் காசாவைப் பற்றி எழுத வேண்டும்.

1995 யூலை 9 எங்கள் புனித பேதுருவானவர் கோவிலில் என்ன நடந்தது என்று யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. சண்டைக்குப் பயந்து ஊர் ஊராக வந்த சனம் கோவிலில் தங்கியிருந்தது. கோவிலுக்குக் குண்டு போட மாட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கை. விமானம் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நான் அப்போது சிறுபிள்ளை. புழுதியும் தென்னோலை எரிந்த மணமும்தான் முதலில் ஞாபகம் வரும், மற்றதை நான் எழுதப்போவதில்லை. அதற்கு இரண்டு வருடம் முதல், 1993 நவம்பரில், குருநகர் யாகப்பர் கோவிலும் இப்படித்தான்.

2023 ஒக்டோபருக்குப் பிறகு, காசாவின் திருக்குடும்ப ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்துக்குப் பாப்பரசர் இரவில் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். 2025 பெப்ரவரி 14 இல் மூச்சுக்குழாய் அழற்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அங்கிருந்தும் எடுத்தார். உயிர்ப்புக்கு முந்திய இரவும் எடுத்திருக்கிறார். கோவிலுக்குள்ளே பயந்துகொண்டு இருக்கிற ஒருவருக்கு அந்தக் கேள்வி என்ன பெறுமதி என்பதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாங்கள் இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை, ஒரு கோவிலில் இருக்கிற சனம் உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த கோவிலுக்குத் தெரியாது.

எங்கள் அன்பியத்தில், அதாவது அயல்வீட்டுச் செபக்குழுவில், செபமாலை முடிய ஆளாளுக்கு மன்றாட்டுச் சொன்னார்கள். எல்லாரும் பாப்பரசரின் ஆன்மாவுக்காகச் சொன்னார்கள். 95 இல் மனைவியைப் பறிகொடுத்த ஒரு ஐயா எழும்பி, "இனி அந்தக் காசாச் சனத்துக்குப் போன் எடுக்க ஆரப்பா இருக்கிறது? அதுகளுக்காகச் சொல்லுங்கோ" என்றார். மிச்சச் செபம் முழுக்க அதுகளுக்காகத்தான்.

மானிப்பாயிலிருந்து:

நான் சைவம். எழுதலாம்தானே? பக்கத்து வீடு வேதக்காரர். செய்தி வந்த பின்னேரம் எங்கள் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட முதல் அவர்கள் வீட்டுக்குப் போய், விறாந்தைக் கதிரையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வந்தா. செத்தவீட்டுக்குப் போய் வரும் முறை அதுதான். "மடுவுக்கு வந்த மனிசன்" என்று மட்டும் சொன்னா. அம்மா வருடா வருடம் ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவ.

இளவாலையிலிருந்து, மறைக்கல்வி ஆசிரியை:

பிள்ளைகளின் துக்கம் வேறு மாதிரி. ஏப்ரல் 27 கார்லோ அகுத்திஸைப் புனிதராக அறிவிப்பதாக இருந்தது. ஜீன்ஸ் போட்ட, கணினி தெரிந்த ஒரு பொடியன் புனிதராகிறான் என்று என் வகுப்பு துள்ளிக்கொண்டிருந்தது. படம் கீறி ஒட்டியும் வைத்திருந்தார்கள். அது தள்ளிப்போய்விட்டது. படங்களைக் கழற்றுவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, அதே சுவரில் பாப்பரசரைக் கீறி ஒட்டினார்கள். ஒரு பிள்ளை அவருக்குத் தேய்ந்த கறுப்புச் சப்பாத்துக் கீறியிருந்தது. தொலைக்காட்சியில் பெட்டிக்குள் அதைக் கவனித்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

பாசையூரிலிருந்து:

அடக்கம் சனிக்கிழமை 26, எங்கள் நேரம் பின்னேரம் ஒன்றரைக்கு. மண்டபத்தில் பெரிய திரை கட்டினோம். தொழிலுக்குப் போனவர்களும் வெள்ளன வந்து, தலையில் தண்ணி வார்த்துவிட்டு வந்து இருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சவப்பெட்டி செய்கிற ஆசாரியார். முந்தி பாப்பரசர்மாருக்குப் பெட்டிக்குள் பெட்டியாக மூன்று, அதில் ஒன்று ஈயம். அதையெல்லாம் வேண்டாம் என்று 2024 இல் இவரே முறையை மாற்றி, உள்ளே துத்தநாகத் தகடு வைத்த ஒற்றை மரப்பெட்டி போதும் என்றார். அதை நிலத்தில் விரிப்பின் மேலே வைத்திருந்தார்கள். ஆசாரியார் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பூவேலை இல்லை, தம்பி. எங்கட ஆக்களே இதை வாங்க யோசிப்பினம்" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது.

பேதுரு பேராலயத்தில் வைக்காமல், உரோமையிலேயே இருக்கிற புனித மரியா (மேரி மேஜர்) பேராலயத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே படிகளில் வெள்ளை ரோசாவோடு நின்றது ஏழைகளும் வீடு இல்லாதவர்களும் சிறையிலிருந்து வந்தவர்களும் அகதிகளும். கல்லறையில் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அதுவரை செபமாலை சொல்லிக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் அந்தப் படிகளைக் கண்டதும் ஒப்பாரி வைத்துவிட்டார்கள். உறவு சொல்லி, "என்ர ஐயா" என்று. மண்டபத்தில் அதைக் கேட்டு அழாத ஆம்பிளை இல்லை.

எட்டாம் நாள் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி சேர்த்து, மீன் குழம்போடு சமைத்து முதியோர் இல்லத்துக்கும் பஸ் நிலையத்தில் படுக்கிற ஆட்களுக்கும் கொடுத்தோம். பூமாலைக்குச் சேர்த்த காசும் அதற்கே போனது. 2025 மே 21ஆம் திகதி 31ஆம் நாள். காலையில் பூசை, பிறகு அதே மாதிரி சாப்பாடு. மீன் எங்கள் ஆட்கள் தருகிறார்கள். அரிசியும் தேங்காயும் போதாது. தர விரும்புகிறவர்கள் முதல்நாள் பின்னேரத்துக்குள் அந்தோனியார் கோவிலடிக்குக் கொண்டு வாருங்கள். தேங்காய் திருவவும் ஆள் வேண்டும்.