லாரியின் இடப்பக்கம்: சென்னைச் சாலையில் நமக்கு நடந்தவை

ஸ்கூட்டர்காரி:

நடந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் ஸ்கூட்டரில் போகிறேன். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்த நாளிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் சாலை பாதியாகிவிட்டது. ஓரமெல்லாம் ஜல்லியும் மணலும். அன்று காலை எட்டே முக்கால் இருக்கும். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்குச் சந்து. ஒன்பதுக்குள் பஞ்ச் பண்ண வேண்டும். நுழைந்தேன். தினமும் நுழைவதுதான்.

லாரியின் முன்சக்கரத்தை ஒட்டி வந்தபோது எதிரே ராங் சைடில் ஒரு பைக். மூன்று பையன்கள், ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லை, ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பிரேக் பிடித்தேன், மணலில் பின்சக்கரம் வழுக்கியது. அதே நேரம் லாரி இடப்பக்கம் ஒடித்தது. டேங்கிலிருந்து ஒழுகிய தண்ணீர் என் ஹெல்மெட் கண்ணாடியில் சொட்டியது. அவ்வளவு பக்கம். டேங்கின் அடிக்கம்பி என் வண்டியின் வலக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. பின்சக்கரம் என் செருப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பைக் பையன்கள் "ஓரமா போக்கா" என்று கத்திவிட்டுப் பறந்துவிட்டார்கள். லாரி கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முகம் செத்துப் போயிருந்தது. "யம்மா, சத்தியமா உன்னை நான் பாக்கலம்மா" என்றார்.

"அப்ப கண்ணாடி எதுக்குண்ணே வெச்சிருக்கீங்க?"

"நீயே ஏறிப் பாரும்மா."

ஏறினேன். கிளீனர் தம்பி என் ஸ்கூட்டரை உருட்டிவந்து லாரியின் இடது முன்சக்கரத்தை ஒட்டி நிறுத்தினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், இடக் கண்ணாடியில் டேங்கின் நீளம் தெரிகிறது, பின்னால் வரும் பஸ் தெரிகிறது. என் ஸ்கூட்டர் இல்லை. அந்தத் தம்பி வண்டி மேல் உட்கார்ந்து கையைத் தூக்கி ஆட்டினார். ஜன்னல் விளிம்புக்கு மேல் நான்கு விரல் தெரிந்தது. ஏழு வருடமாக நான் நுழைந்துகொண்டிருந்தது அந்த விரல்களுக்குக் கீழே இருந்த இடத்தில்தான்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். படிக்கிற நாலு பேருக்கு உதவும்.

பழைய டிரைவர்:

தங்கச்சி, அந்த டிரைவர் சொன்னது பொய்யில்லை. ஒன்பது வருடம் நான் தண்ணீர் லாரி ஓட்டினேன். இப்போது ஸ்கூல் வேன்.

லாரியை ஒடிக்கும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உள்வாங்கும். முன்பக்கம் தாண்டிவிட்டதே என்று நினைத்து இடப்பக்கம் நிற்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அடுத்தது தண்ணீர். 12,000 லிட்டர் என்றால் 12 டன். முழு டேங்கைவிட அரை டேங்க்தான் எங்களுக்குப் பயம். ஒரு வீட்டில் பாதி இறக்கிவிட்டு மீதியோடு கிளம்பினால், பிரேக் மிதித்ததும் உள்ளே தண்ணீர் முன்னால் வந்து மோதும். நின்றுவிட்டது என்று நினைக்கிற வண்டியை இன்னொரு தள்ளு தள்ளும். டேங்குக்குள் தடுப்புத் தகடு சரியாக இருந்தால் தாங்கும். நான் ஓட்டிய வண்டியில் தகடு துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. ஓனரிடம் மூன்று முறை சொன்னேன், மாற்றவில்லை.

ஏன் இப்படிப் பறக்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் வரிசையில் போன நேரத்தை ரோட்டில்தான் பிடித்தாக வேண்டும். போனை எடுத்தால் ஓனர், வைத்தால் அபார்ட்மென்ட் செக்ரட்டரி. கோடை வந்தால் தூக்கம் நாலு மணி நேரம். செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து மேலே விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறிவிட்டது. ஊரே பேனரைப் பற்றிப் பேசியது, பேச வேண்டியதுதான். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. விழுந்த பிள்ளைக்கும் லாரிக்கும் நடுவில் எத்தனை அடி இருந்திருக்கும் என்றே ஓடிக்கொண்டிருந்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே வினாடிக்கு 11 மீட்டர் தாண்டும். கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த 11 மீட்டர் போயிருக்கும். முன்னால் போகிற பைக்குக்கு ஆறடி விட்டு ஓட்டிய நாட்கள் எனக்கு உண்டு. அந்த வருடமே லாரியை விட்டுவிட்டேன்.

தாம்பரம் வாசி:

என் அனுபவம் விபத்துக்கு அப்புறம் நடந்தது. ஜிஎஸ்டி சாலை, பெருங்களத்தூர் தாண்டி, இரவு பத்தரை. ஒரு கார் இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறி ஒரு பைக்கைத் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. விழுந்த பையன் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவன். ஹெல்மெட் போட்டிருந்தான், பட்டை மாட்டவில்லை. ஹெல்மெட் தனியாக இருபதடி உருண்டு போய் நடுரோட்டில் கிடந்தது. தலையிலிருந்து ரத்தம்.

சுற்றி முப்பது பேர். பாதிப் பேர் கையில் போன். "தொடாதீங்க சார், போலீஸ் கேஸு, கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார். நான் 108க்கு அடித்தேன், வரும்வரை அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். தயவு செய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு வந்துவிட்டது. விருப்பம் இல்லையென்றால் பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். அந்தப் பையனிடம் ஆதார் கூட இல்லை. கூட வந்த ஆம்புலன்ஸ் தம்பிதான் "சார், நம்மைக் காக்கும் 48ல போடச் சொல்லுங்க" என்றார். 2021 டிசம்பரில் அரசு கொண்டுவந்த திட்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் எந்த மாநிலத்தவர் என்றாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. கவுண்டரில் அதைச் சொன்ன பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பையன் பிழைத்துக்கொண்டான். ஊருக்குப் போகும் முன் அவன் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரு பிள்ளைகளின் அம்மா:

அந்த மூன்று பையன்களைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. என் மகனுக்குப் பதினாறு. ட்யூஷனுக்கு என் வண்டியை எடுத்துப் போவான், அவசரத்துக்குத்தானே என்று நானும் கொடுத்திருக்கிறேன். பிள்ளை ஓட்டி ஏதாவது ஆனால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று வீட்டுக்காரர் சொன்னார். அபராதம் கிடக்கட்டும். ராங் சைடில் வருவது என் பிள்ளையாக இருந்தால்? சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது. இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

ஸ்கூட்டர்காரி:

பழைய டிரைவர் அண்ணாவுக்கு ஒரு செய்தி. நீங்கள் செக்ரட்டரி போன் பற்றி எழுதியதை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். எங்களுக்கும் காலை எட்டரைக்குத்தான் லாரி வருகிறது. எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரம், தொட்டி காலியாவதும் அப்போதுதான். முதல் நாள் மத்தியானமே சொல்லி வைத்து இரவில் இறக்கிக்கொள்ளலாம், காலையில் அவசரப்படுத்தி யாரும் போன் பண்ணக் கூடாது, அரை டேங்கோடு அனுப்பாமல் முழு லோடையும் நாமே வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டேன். தரைத்தளத்து மாமா, ராத்திரி மோட்டார் சத்தத்தில் தூங்க முடியாது என்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை, அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. மாலை நான்கு மணி சரிப்படுமா என்று லாரிக்காரரிடம் கேட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம்.