ராஜபாளையம் நாய்க்குட்டி என் அம்மா மேல் தாவுகிறான், நிறுத்த வழி வேண்டும்

திருச்சியில் தனி வீடு. ராஜபாளையம் ஆண் குட்டி, வயது 5 மாதம், எடை 17 கிலோ. தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறான்.

அம்மா எழுந்து நடந்தாலே ஓடி வந்து மேலே தாவுகிறான், முந்தானையைக் கடித்து இழுக்கிறான். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி, தடி ஊன்றித்தான் நடப்பார். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தார். அதிலிருந்து எனக்குப் பயமாகவே இருக்கிறது.

தாவினால் கண்டுகொள்ளாமல் திரும்பி நிற்பது, 'உட்கார்' என்று சொல்லி வேகவைத்த கோழித்துண்டு கொடுப்பது, இரண்டும் என்னிடமும் தம்பியிடமும் பலிக்கிறது. அம்மாவால் சட்டென்று திரும்ப முடியாதே! பல் மாறும் வயது என்பதால் கடிக்கக் கயிறும் குளிரவைத்த கேரட்டும் கொடுக்கிறோம். கடி குறைந்தது, தாவல் குறையவில்லை. காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப் போகிறோம். எலும்பு வளரும் வயதில் நீண்ட ஓட்டம் வேண்டாம் என்றார் மருத்துவர். கட்டிப்போட்டால் ஓயாமல் குரைக்கிறான், அவிழ்த்ததும் இன்னும் வேகமாகப் பாய்கிறான். அடித்துப் பழக்கச் சிலர் சொல்கிறார்கள், அது மட்டும் முடியாது.

வயதானவர் எழுந்து நடக்கும்போது பெரிய இனக் குட்டி விலகி நிற்க, நீங்கள் எப்படிப் பழக்கினீர்கள்?