நீர்மின் நிலைய இயக்க அட்டவணையில் இயந்திரத் தேய்மானத்துக்கு இடம் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மலைஷிஃப்ட்:
மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பிரான்சிஸ் வகை டர்பைன் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்தேன். முன்பெல்லாம் மாலை பீக்குக்கு ஒரு ஸ்டார்ட், இரவில் ஸ்டாப், அவ்வளவுதான். காற்றாலையும் சோலாரும் பெருகிய பிறகு எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் லோட் டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் ஓயாது. "ஒரு யூனிட் எடுங்க" என்பார்கள், அதாவது ஒரு டர்பைன்-ஜெனரேட்டரை ஓட்டச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் "நிறுத்திடுங்க". அணையில் எவ்வளவு தண்ணீர், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு என்ன விலை, இந்த இரண்டும்தான் அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஜெனரேட்டரின் கம்பிச் சுருளான வைண்டிங் சூடாகிக் குளிர்வதையும், எண்ணெய்ப் படலம் சரியாக அமையும் முன் சுழலும் பாகத்தின் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் உரசுவதையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எழுத முடியாத கணக்கும் இல்லை. 1997-இல் நில்சன், ஷெல்வ்கிரென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்வீடன் மின் உற்பத்தியாளர்களிடம் விசாரித்து, ஒரு ஸ்டார்ட்டுக்கு மெகாவாட்டுக்குச் சுமார் 3 டாலர் என்று மதிப்பிட்டார்கள். 100 மெகாவாட் யூனிட் என்றால் 300 டாலர். இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலே, அரைமணி நேரத்துக்காக யூனிட்டை எழுப்பும் உத்தரவுகளில் பாதி காணாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

இன்னொரு எரிச்சல் பாதி லோடு. திடீர்த் தேவைக்கு ரிசர்வ் வேண்டுமென்று இரண்டு யூனிட்டைப் பாதிப் பாதியாக ஓட்டச் சொல்வார்கள். டர்பைனிலிருந்து தண்ணீர் வெளியேறும் டிராஃப்ட் டியூபின் கதவருகே நின்றால் உள்ளே ஜல்லி உருட்டுவதுபோல் சத்தம், காலடியில் தரை அதிரும். ஆண்டுப் பராமரிப்பில் திறந்தால் டர்பைனின் சுழலும் சக்கரமான ரன்னரின் பிளேடில் பின்பக்கம் அரித்துக் குழி குழியாக இருக்கும். அப்புறம் வெல்டிங், கிரைண்டிங் என்று நாள் போகும்.

சட்லஜ்வாசி:
எங்கள் பக்கம் வில்லன் மணல். சட்லஜ் ஆற்றின் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையத்தில் மழைக்காலத்தில் ஆற்றில் வண்டல் 5,000 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) தாண்டினால் நிலையத்தையே நிறுத்துவார்கள். தண்ணீர் கரைபுரண்டு ஓடும்போது நிறுத்துவதா என்று வெளியாள் கேட்பான். அந்த வண்டலில் குவார்ட்ஸ் அதிகம். தண்ணீரை ரன்னருக்குத் திருப்பும் கைட் வேனையும் ரன்னரையும் தின்றுவிடும். தேய்மானத்தை நேரடியாக அட்டவணையில் ஏற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பழையகவர்னர்:
பாதி லோடு பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2009 ஆகஸ்ட் 17, ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். லோடு ஏற்றி இறக்க 2-ஆம் யூனிட்டை வைத்திருந்தார்கள். ஓட்டக்கூடாத லோடு அளவுகளை அது திரும்பத் திரும்பக் கடந்தது. டர்பைன் மூடியைப் பிடித்திருந்த ஸ்டட்கள் (திருகு போல்ட்கள்) உலோகம் களைத்து அறுந்தன. இறந்தவர்கள் 75 பேர்.

மலைஷிஃப்ட்:
அதைப் படித்த பிறகுதான் எங்கள் நிலையத்திலும் தடைசெய்த லோடு எல்லையைப் பேனலில் சிவப்புக் கோடாக ஒட்டினோம். போனில் கேட்பவருக்கு அந்தக் கோடு தெரியாது, அதுதான் பிரச்சினை. உங்கள் நிலையத்தில் அந்த எல்லையை டெஸ்பாட்ச் மென்பொருளிலேயே ஏற்றியிருக்கிறார்களா?