உதவி: நாள் கணக்கில் ஒன்று குறைகிறது

மின்மினி:
விடுப்பு நாட்களைக் கணக்கிடும் நிரல் எழுதுகிறேன். சில தேதிகளுக்கு மட்டும் ஒரு நாள் குறைவாக வருகிறது, மற்றதெல்லாம் சரி. நாளை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

கருவேலன்:
எந்த மொழி? எந்தத் தேதிகள்? கணக்கிடும் வரியைப் போடுங்கள்.

நீலவானம்:
தொடக்க நாளைச் சேர்த்து எண்ணியிருக்க மாட்டீர்கள். ஒன்றைக் கூட்டிவிடுங்கள்.

கருவேலன்:
அப்படியென்றால் எல்லாத் தேதிக்கும் குறைய வேண்டுமே.

பழையகணியன்:
தேதிக் கணக்கைச் சொந்தமாக எழுதக் கூடாது என்பது அரிச்சுவடி. இதற்குப் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். எந்த டைம்ஜோன், அதாவது எந்த ஊர் நேரம், என்றுகூடச் சொல்லவில்லை.

மின்மினி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஜாவாஸ்கிரிப்ட். 2024 மார்ச் 10 முதல் மார்ச் 11 வரை கேட்டால் 0 வருகிறது. இரண்டு நள்ளிரவுகளைக் கழித்து, 8,64,00,000 மில்லிசெகண்டால் வகுத்து, ஃப்ளோர் போட்டுத் தசமத்தை வெட்டுகிறேன். என் கணினியில் சரியாக வருகிறது. நியூயார்க் நேரத்தில் ஓடும் சர்வரில்தான் தவறு.

கருவேலன்:
அதுதான் விஷயம். மார்ச் 10 அங்கே டேலைட் சேவிங், அதாவது கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவது, தொடங்கிய ஞாயிறு. அதிகாலை 1:59க்கு அடுத்த நிமிடம் 3:00. அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். 23ஐ 24ஆல் வகுத்தால் 0.958, ஃப்ளோர் அதை 0 ஆக்கிவிடுகிறது. மார்ச் 1 முதல் 20 வரை போட்டுப் பாருங்கள், 19க்குப் பதில் 18 வரும். அது முடிந்த நவம்பர் 3க்கு 25 மணி நேரம். அங்கே மிச்சத்தை ஃப்ளோர் வெட்டிவிடுவதால் பிழை வெளியே தெரியாது.

வருடம், மாதம், நாள் மூன்றையும் டேட்.யூடிசிக்குக் கொடுத்து, வருவதைக் கழித்து, முன்போலவே வகுங்கள். யூடிசி என்பது உலகப் பொது நேரம், அதில் எல்லா நாளும் 24 மணி நேரம்தான். மாதம் 0இல் தொடங்கும், மார்ச்சுக்கு 2.

நீலவானம்:
ஃப்ளோருக்குப் பதில், அருகிலுள்ள முழு எண்ணாக்கும் ரவுண்ட் போட்டால் போதாதா?

கருவேலன்:
நள்ளிரவுக்கு நள்ளிரவு என்றால் போதும். ஆனால் நள்ளிரவே இல்லாத நாளும் உண்டு. பிரேசில் 2019இல் டேலைட் சேவிங்கைக் கைவிடும் வரை, தொடங்கும் நாளில் 0:00 மணியே வராது, நேராக 1:00தான்.

பழையகணியன்:
எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

தும்பி:
நடந்து முடிந்ததற்குச் சரி. அடுத்த வருடம் காலை 9 மணிக்கு ஒரு சந்திப்பு, இடையில் அரசு விதியை மாற்றுகிறது என்றால்? சந்திப்பு 8க்கோ 10க்கோ நகர்ந்துவிடும். வரப்போவதற்கு உள்ளூர் நேரத்தையும் டைம்ஜோன் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும்.

பழையகணியன்:
விதி தினமுமா மாறுகிறது?

தும்பி:
ஒரு தடவை மாறினாலே போதும். அமெரிக்காவில் 2007இல்தான் தொடக்கம் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு வந்தது. பசிபிக் தீவு நாடான சமோவா 2011 டிசம்பர் 30ஐயே தாண்டிப் போனது.

பழையகணியன்:
சமோவா மாறியது, நாள் மாறும் தேதிக்கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு. அதற்கும் டேலைட் சேவிங்குக்கும் என்ன சம்பந்தம்?

தும்பி:
நிரலுக்கு இரண்டும் ஒரே டைம்ஜோன் தரவிலிருந்துதான் வருகின்றன.

மின்மினி:
டேட்.யூடிசி போட்டேன், 1 வருகிறது. நன்றி.

கருவேலன்:
நல்லது. தேதியை எப்படி உள்ளே வாங்குகிறீர்கள்? '2024-03-10' என்ற எழுத்தை நேரே டேட்டுக்குக் கொடுத்தால் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அது மார்ச் 9 இரவு 7 மணி. அந்த வரியையும் ஒருமுறை பாருங்கள்.