பின்பக்கம் டிஸ்க் போட்டாச்சு, மாஸ்டர் சிலிண்டரை மாற்றணுமா?

ஒற்றை_ஸ்பேனர்:
முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருந்த பழைய காரில் பின்பக்கமும் டிஸ்க் போட்டுவிட்டேன். மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதுதான், உள்துளை 22.2 மி.மீ. விட்டம். மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் உண்டு. முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு தடவை ஏர் எடுத்தாச்சு. 25.4 மி.மீ. துளை மாஸ்டர் போட்டால் சரியாகுமா?

கடைசல்காரன்:
யோசிக்கவே வேண்டாம், 25.4 போடுங்கள். டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் குடிக்கிற எண்ணெய் வேறு, டிஸ்கில் பேடை அழுத்தும் காலிப்பர் குடிக்கிற எண்ணெய் வேறு. சின்ன மாஸ்டரால் அவ்வளவு தள்ள முடியாது.

மிதி_கணக்கு:
அவசரப்படாதீர்கள். 25.4க்குப் போனால் பிஸ்டன் பரப்பு 387 சதுர மி.மீ.யிலிருந்து 507 ஆகிறது. மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடில் 1500 நியூட்டன் விசை வந்தால் சின்னதில் 39 பார் அழுத்தம், பெரியதில் 30தான். பெடல் கல் மாதிரி உயரமாக நிற்கும், வண்டிதான் நிற்காது.

கடைசல்காரன்:
பூஸ்டர் எதற்கு இருக்கிறது சார்? அதை விடுங்கள், எண்ணெய்க்குப் பதில் சொல்லுங்கள்.

மிதி_கணக்கு:
இஞ்சின் அணைந்தால் பூஸ்டரின் தயவு ஒன்றிரண்டு மிதியோடு சரி. எண்ணெய்க் கணக்கு இதோ: 38 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பருக்குப் பரப்பு 1134. 19 மி.மீ. வீல் சிலிண்டரில் இருபக்கமும் சேர்த்து 567.

கடைசல்காரன்:
சரியாக இரண்டு மடங்கு! என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

மிதி_கணக்கு:
பரப்பு இரண்டு மடங்கு, நகரும் தூரம்? டிரம்மில் ஷூவை ஸ்பிரிங் உள்ளே இழுத்துவிடும், ஒவ்வொரு மிதிக்கும் அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். டிஸ்கில் காலிப்பர் சீல் பிஸ்டனை மயிரிழைதான் பின்வாங்க விடும். பேட் தேயத் தேய எண்ணெய் காலிப்பருக்குள் இறங்கும் என்பது நிஜம். அதற்கு எண்ணெய் டப்பா பெரிதாக இருந்தால் போதும், துளை எதற்கு?

பழைய_போல்ட்:
இரண்டு பேரும் துளையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தம்பி, ஓட்டிவிட்டு நிறுத்தினால் பின் டிஸ்க் சூடாகிறதா? ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறதா?

ஒற்றை_ஸ்பேனர்:
சூடு இல்லை அண்ணா, சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. ஹேண்ட் பிரேக் காலிப்பரிலேயேதான். கேபிள் இன்னும் மாட்டவில்லை.

பழைய_போல்ட்:
அதானே பார்த்தேன். டிரம்முக்கான சில மாஸ்டர்களில் பின் லைன் துளையில் சுமார் 0.7 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அது இருந்தால் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே சூடேறும். உங்களுக்கு நேர் எதிர், பேட் எட்டி நிற்கிறது. அந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் திருகில் ஏறி வரும். அந்தத் திருகைச் சரிசெய்யாமல் விட்டால் முதல் மிதி முழுக்க இடைவெளியை மூடுவதிலேயே போய்விடும். பிஸ்டனைத் திருகி, பேட் டிஸ்கைத் தொட்டும் தொடாமலும் நிற்க வையுங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க ஏர் எடுத்தவன் நான்.

ஒற்றை_ஸ்பேனர்:
நிப்பிள் மேலேதான் இருக்கிறது. பிஸ்டன்களைத் திருகி வைத்தேன், பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது! மாஸ்டர் அதே 22.2தான்.

கடைசல்காரன்:
சந்தோஷம். ஆனால் பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழன்றுவிடும். பெரிய மாஸ்டர் அதையும் அடக்கியிருக்கும்.

மிதி_கணக்கு:
பெரிய துளை முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில்தான் அழுத்தத்தைக் குறைக்கும். பின்பக்கத்தை மட்டும் அடக்க, பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும், திருகிச் சரிசெய்யும் வால்வு போட வேண்டும். பின் அழுத்தத்தைக் குறைக்கும் பழைய வால்வு இருந்தால் அது டிரம்முக்கு அமைத்தது. டிரம் ஷூ தானாகவே இறுகிக் கவ்வும், டிஸ்க் அப்படிச் செய்யாது.

கடைசல்காரன்:
வால்வுக்குச் சரி. ஆளில்லாத சமதரையில் மெதுவான வேகத்தில் பிடித்துப் பார்த்து, எந்தச் சக்கரம் முதலில் லாக் ஆகிறது என்று எழுதுங்கள் தம்பி. துளை விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை.