கேட்காமல் சொன்ன யோசனை: உங்கள் அனுபவம் என்ன?

பொள்ளாச்சி தென்னைக்காரர்:
மூன்று ஆண்டுகளாகியும் இது என் மனத்தை விட்டு அகலவில்லை. அக்கா மகன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ஓலையெல்லாம் கரும்படலம் படிந்த தன் தென்னைகளின் படத்தைப் போட்டிருந்தான். ஒரு சொல்லும் எழுதவில்லை. இப்படிக் கரும்படலம் படியக் காரணமான சுருள் வெள்ளை ஈ என்னும் பூச்சி 2016இல் எங்கள் பக்கம் வந்ததிலிருந்து அதனோடு போராடுகிறவன் நான். ஆகவே, பூச்சிமருந்து அடித்தால் ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் செத்துவிடும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் படலம் உரிந்து விழும், இவற்றை அப்போதே செய்திருந்தால் தோப்பு இப்படி ஆகியிருக்காது என்று உறவினர் அறுபது பேர் பார்க்க எழுதினேன். "சரிங்க மாமா" என்று மட்டும் பதில் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவன் அந்தத் தோப்பைக் கிரயம் செய்து கொடுத்திருக்கிறான். அப்பாரு வைத்த மரங்களைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது எடுத்த படம் அது. நான் சொன்ன முறைகளில் பிழையில்லை. கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

கோபிசெட்டிபாளையத்துத் தாய்:
நான் அப்படிப்பட்ட யோசனையைக் கேட்க நேர்ந்த பக்கத்தில் இருந்தவள். மகளின் மூன்றாம் மாதப் படத்தை முகநூலில் போட்டபோது, ஊர்ப் பெரியம்மா ஒருவர், "புள்ள எளச்சிருக்குதே அம்மிணி, பால் பத்தலையாட்ட இருக்குது, தேனும் மாட்டுப்பாலும் குடு" என்று எழுதினார். பதினேழு பேர் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தார்கள். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தவள் அப்போது 5.3 கிலோ, முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று செவிலியரும் சொல்லியிருந்தார். ஆனாலும் இரவு மூன்று மணிக்கு அவளை மடியில் கிடத்திக்கொண்டு, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்து அழுதேன். மறுநாள் படத்தையே நீக்கிவிட்டேன்.

திருப்பூர் தையல்காரர்:
சகோதரி படத்தை நீக்கியதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்னும் உயிரைப் பறிக்கக்கூடிய நச்சுநோய் வரலாம். அந்தப் பதினேழு பேரில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்திருந்தால், மறுப்பு எதையும் காணாமல் தேனைக் கொடுத்திருப்பாள். உயிருக்கு ஊறு செய்யும் யோசனையை அதே இடத்தில், மரியாதை குறையாமல் மறுத்தே ஆக வேண்டும். மற்ற எதுவானாலும் தனிச்செய்தியில், "ஒன்று சொல்லலாமுங்களா?" என்று கேட்டு, அவர் இசைந்த பிறகே சொல்ல வேண்டும். படத்தோடு கேள்வி இல்லையென்றால் விடை சொல்ல நமக்கு அழைப்பில்லை. "அப்போதே செய்திருந்தால்" என்பதை யோசனை என்றே நான் ஏற்கமாட்டேன், தென்னைக்கார ஐயா, அது தீர்ப்பு. ஒருவர் வீட்டுக்கு நேரில் போனால், கொடுத்த தண்ணீரைக் குடித்து, மழை மாரி விசாரித்த பிறகுதானே நாம் காரியத்தைப் பேசுகிறோம்? எனக்கு நேர்ந்தது சிறியது: வேலை போனதை எழுதிய அன்று ஒன்பது பேர் எனக்குத் தொழில் சொல்லித் தந்தார்கள், சம்பளப் பாக்கி வந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோபிசெட்டிபாளையத்துத் தாய்:
தேனைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த இரவில் மறுப்பு எழுதும் தெம்பு எனக்கு இல்லை. அதைப் படித்த பதினேழு பேரில் ஒருவர் எழுதியிருக்கலாமே.

பொள்ளாச்சி தென்னைக்காரர்:
தீர்ப்பு என்ற சொல் என்னைத் தைத்தது. தம்பி சொன்னது உண்மை. அந்தச் செய்தியை எல்லோருக்குமாக நீக்க முயன்றேன், அதற்குள் கெடு கடந்துவிட்டது. ஆனைமலை மாசாணியம்மன் கோயில் குண்டம் என்னும் தீமிதித் திருவிழாவின்போது அவனைப் பார்த்தேன். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டான். தோப்பைப் பற்றி அவன் பேசவில்லை.