இரவு 1.30 வரை படித்தும் காலையில் நினைவில் நிற்பதில்லை, ஏன்?

கேள்வி (நீட் மாணவன்)
பிளஸ் டூவும் நீட்டும் சேர்த்துப் படிக்கிறேன். இரவு 1.30க்குப் படுத்து 5 மணிக்கு எழுகிறேன். படுக்கும்போது கிரெப்ஸ் சுழற்சியை (செல் சுவாசத்தில் வரிசையாக நடக்கும் வேதிவினைகள்) முழுசாக ஒப்பிக்க முடிகிறது. காலையில் சக்சினைல் கோஏ வரைதான் வருகிறது, அதற்கப்புறம் ஃபியூமரேட்டா மாலேட்டா என்று வரிசை குழம்புகிறது. இன்னும் எத்தனை தடவை திருப்பிப் பார்க்க வேண்டும்?

பதில் 1 (உயிரியல் ஆசிரியர்)
தம்பி, குறைவது திருப்புதல் இல்லை, தூக்கம். பகலில் படித்ததை மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி தற்காலிகமாகத்தான் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அந்தப் பாடம் மூளைக்குள் மறுபடி ஓடிப் பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கு) பதிகிறது. எலி ஓடும்போது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்தே இயங்கியதை மூளை ஆய்வாளர்கள் வில்சனும் மெக்நாட்டனும் 1994லேயே பதிவு செய்தார்கள்.

ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். உனக்குக் கிடைக்கும் மூன்றரை மணி நேரத்தில் இரண்டு சுற்றுதான் முழுசாக முடியும். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், அது ஓரளவு கிடைத்துவிடும். கனவுத் தூக்கமும் இரண்டாம் நிலைத் தூக்கமும் (ஆழ்ந்த தூக்கத்தைவிட லேசானது) பின்னிரவில்தான் நீளும். நீ வெட்டுவது அதைத்தான். இன்னொரு நஷ்டமும் உண்டு: தூங்காத மூளையில் மறுநாள் வகுப்பில் கேட்பதும் சரியாக ஏறாது. உன் வயதுக்கு 8 மணி நேரமாவது வேண்டும்.

பதில் 2 (படிப்பு வழிகாட்டி)
நேரக் கணக்கு இப்படி வைத்துப் பாருங்கள். 9 மணிக்குப் புதுப் பாடத்தை நிறுத்துங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் சுழற்சியை வரையுங்கள். சிக்கிய இடத்தில் (உங்களுக்கு சக்சினேட், ஃபியூமரேட், மாலேட்) சிவப்பில் குறித்து, புத்தகத்தைப் பார்த்து, மறுபடி ஒரே ஒரு தடவை வரையுங்கள். 9.30க்குப் படுக்கை, 5.30க்கு எழுச்சி. எழுந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் அதே படத்தை 10 நிமிடத்தில் வரையுங்கள். மறந்த இடம் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். வெறுமனே வாசித்துப் போனால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் வரும்.

காபி, டீ மாலை 3 மணியோடு சரி. காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். மதியத் தூக்கம் 20 நிமிடம் போதும். 50 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த தூக்கம் கலைந்து தலை கனக்கும்.

பதில் 3 (கணித ஆசிரியை)
அதிகாலை 4 மணிக்குப் படித்தால் நன்றாக ஏறும் என்று வீடுகளில் சொல்வார்கள். 8 மணிக்கே படுக்கிற பிள்ளைக்கு அது சரி. நள்ளிரவில் படுக்கிற பிள்ளையை 4 மணிக்கு எழுப்பாதீர்கள், பாவம். பாடத்தை ரெக்கார்ட் செய்து தூக்கத்தில் காதில் ஓடவிடுவதும் வேண்டாம். புதுப் பாடம் அப்படி ஏறாது, தூக்கம்தான் கெடும்.

8 மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது, தினமும் குறட்டை, வாயால் மூச்சு என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீட் மாணவன்
நன்றி. தேர்வுக்கு முந்தின இரவு ஒரு பாடம் மீதமிருந்தால்?

பதில் 1
விட்டுவிடு தம்பி. அந்த ஒரு பாடத்துக்காக விழித்தால், ஏற்கெனவே படித்த இருபது பாடமும் தேர்வறையில் தடுமாறும்.